தலைப்பு: ஆயுத பூஜை பொரி

நாகவல்லி எந்த மெயில் அனுப்பினாலும் அதன் தலைப்பு ஒன்றுதான்: ஆயுத பூஜை பொரி. ஆவடிக்குச் சரக்கு கிளம்பிவிட்டதா, அட்டைப்பெட்டி தீர்ந்துவிட்டதா, பாத்ரூம் குழாய் ஒழுகுகிறதா, எல்லாம் பொரிக்குள்தான் வரும். அந்தப் பூஜை முடிந்து, பொரி நமுத்து, அடுத்த பூஜையும் வந்து போய்விட்டது. மெயில் மட்டும் மொறுமொறுப்புக் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அவளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. திருமழிசை எஸ்டேட்டில் வண்டிகளுக்கு ரப்பர் வாஷர் செய்கிற சின்னக் கம்பெனி அது. அங்கே சரக்கைக் கட்டி ஏற்றி அனுப்புகிற வேலை நாகவல்லிக்கு. எட்டுக் கட்டையில் ஒரு குரல் கொடுத்தால் போதும், கடைசி ஷெட்டில் இருப்பவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவான். அப்படிப்பட்டவள் இருக்கிற இடத்தில் முதலாளி கஜபதி, "வாயால சொன்னதெல்லாம் காத்தோட போவுது. இனிமே எதுவா இருந்தாலும் மெயில்ல வரணும்" என்று சட்டம் போட்டார். அந்த வருடம் பூஜைக்குப் பொரி ஆர்டர் கொடுத்ததுகூட மெயிலில்தான்.

கணக்கு பார்க்கிற செல்வகுமார்தான் அவளுக்குக் குரு. சொல்லிக்கொடுத்த அன்றைக்கு அவன் அவளுடைய கம்ப்யூட்டரில் திறந்தது அந்தப் பொரி மெயிலைத்தான். "இத்தத் தொறக்கா. இங்க அமுக்கு. டைப் அடி. அனுப்பு. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான். குருகுலம் அத்தோடு முடிந்தது. அவன் அமுக்கச் சொன்னது எல்லோருக்கும் ஒரே அடியாகப் பதில் போகிற பொத்தான். அதை அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மேலே 'சுரேகா' என்று எழுதினால் சுரேகாவுக்குப் போகும், 'செல்வா' என்று எழுதினால் செல்வாவுக்குப் போகும் என்று அவளாக முடிவு செய்துகொண்டாள். தபால்காரர் பெயரைப் பார்த்துத்தானே கொடுக்கிறார்?

மற்றவர்களும் திருத்தவில்லை. முதலாளி கண்ணில் படட்டும் என்று அக்கா எல்லோருக்கும் காப்பி போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். தவிர, அந்த ஆபீசில் மெயிலை அனுப்பிய கையோடு எழுந்துபோய், "மெயில் போட்டுகிறேன், பாத்தியா?" என்று கேட்டு, எழுதியதை வாயாலும் ஒருமுறை ஒப்பித்துவிட்டு வருவதுதான் வழக்கம். அதனால் யாரும் எதையும் ஒழுங்காகப் படிப்பதில்லை. ஒரே ஒரு மெயிலை மட்டும் எல்லோரும் படித்தார்கள். படிக்கக் கூடாத மெயில் அது.

எதிர் மேஜையில் சுரேகா. வாஷரைச் சோதித்து 'ஓகே' முத்திரை குத்துகிற வேலை அவளுக்கு. நாகவல்லியைவிட ரொம்பச் சின்னவள். இரண்டு பேரும் காட்டுப்பாக்கம். மத்தியானம் நாகவல்லி வீட்டுக் குழம்பும் சுரேகா வீட்டுப் பொரியலும் ஒரே தட்டில் கலக்கும். சாயங்காலம் சுரேகாவின் ஸ்கூட்டரில் பின்சீட்டு நாகவல்லிக்கு என்று எழுதி வைத்த மாதிரி. வழி முழுக்கப் பேச்சுதான். வீட்டில் சொல்ல முடியாததைக்கூட சுரேகா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொல்லுவாள். தன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதையும் அக்காவிடம் மட்டும்தான் சொன்னாள். "யாருக்கும் சொல்லாதக்கா. அமைஞ்சா பாத்துக்கலாம்."

நாகவல்லி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த விஷயத்தில் அவள் கல்லுளிமங்கி. பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள் காலையில் வந்ததும் வராததுமாக மெயில்தான் போட்டாள்:

"சுரேகா, பொண்ணு பாக்க வர்றாங்கன்னு நேத்து நீ சீக்கிரமே போய்ட்டியா, ஆவடி சரக்கு பாக்காம அப்டியே கீது. வந்ததும் மொத வேலையா பாத்துடு. மாப்ள எப்டி? செவப்பா? சாயங்காலம் வண்டில சொல்லு."

அனுப்பிவிட்டு, வேறொரு சரக்கோடு வேனில் ஏறி ஆவடிக்குப் போய்விட்டாள். நாள் பூராவும் அங்கே தொழிற்சாலை வாசலில் வரிசையில் நின்றாள். திரும்பி வந்தபோது ஆபீசில் பாதிப் பேர் கிளம்பியிருந்தார்கள். ஸ்கூட்டரும் கிளம்பியிருந்தது.

அடுத்த நாள் சுரேகா தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் வேறு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"இன்னாடி ஆச்சு?" என்றாள் நாகவல்லி.

"எதுவா இருந்தாலும் மெயில்ல போடுங்க மேடம்."

மேடம்! நாகவல்லிக்கு நெஞ்சில் நறுக்கென்றது. இத்தனை வருடத்தில் 'அக்கா' தவிர வேறு பேச்சு வந்ததில்லை. சரக்கைச் சீக்கிரம் பார் என்று விரட்டியதற்கா இவ்வளவு கோபம்? மெயிலில் போடு என்கிறாளே என்று மெயிலிலேயே போட்டாள்: "சுரேகா, நான் இன்னாடி தப்பு செஞ்சேன்? எங்கூட ஏன் பேச மாட்ற? பின்சீட்டு எனக்கு இல்லியா?" பதில் இல்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் உருக்கமாக ஒன்று. அதற்கும் இல்லை. எதிர் மேஜையில் இருப்பவளின் முகம் மட்டும் ஒவ்வொரு மெயிலுக்கும் இன்னும் ஒரு சுற்று உப்பியது. பக்கத்தில் இருந்தவர்கள் ஏன் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரிக்கிறார்கள் என்று நாகவல்லிக்குப் புரியவில்லை.

இப்போது அவளுக்கு பஸ்தான். திருமழிசையில் ஏறி, பூந்தமல்லியில் இறங்கி, வேறு பஸ் மாற வேண்டும். நிற்பது கஷ்டமில்லை, அவள் நாள் முழுக்க நிற்கிறவள். பேச ஆள் இல்லாமல் போவதுதான் தாங்கவில்லை. சுரேகா இல்லாத சாயங்காலம் அவளுக்கு உப்பில்லாமல் இருந்தது.

ஒரு சாயங்காலம் பூந்தமல்லியில் பஸ் மாறும்போது, பொரிக்கடை வேம்புலி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். பூஜைக்குப் பூஜை கம்பெனிக்குப் பொரி கொடுக்கிறவர்.

"இன்னாம்மா, இன்னும் பஸ்ஸுதானா? வண்டி ராசியாவலியா?"

"எந்த வண்டிண்ணே?"

"சுரேகா பொண்ணு வண்டிதான். நீயும் கெஞ்சிப் பாத்துட்ட, அது மசியல. எப்டிம்மா மசியும்? பொண்ணு பாக்க வந்த சேதிய ஊருக்கே போட்டு ஒடச்சிட்டியே."

நாகவல்லி கல்லாவுக்குக் கிட்டே வந்தாள். "அது ஒனக்கு எப்டிண்ணே தெரியும்?"

"நீதானம்மா எழுதற." வேம்புலி செல்போனைத் துடைத்துவிட்டு நீட்டினார். "அன்னிக்கி பொரி ஆர்டரு மெயில்ல வந்துச்சா, அதுலேர்ந்து எல்லாம் எனக்கும் வந்துகினே கீது. பொரின்னு போட்டுகீதேன்னு தொறந்தா, கொழா ஒழுவுதுன்னு எழுதிகீற. நிறுத்தச் சொல்லலாம்னுதான் பாத்தேன். அப்பால பழகிடுச்சு. எங்க ஊட்டுக்காரி தெனம் கேக்குது, நாகவல்லி இன்னிக்கி இன்னா எழுதிச்சுன்னு."

அவர் விரலால் காட்டிய இடத்தில் பெயர்கள் வரிசையாக நின்றன. கஜபதி, செல்வகுமார், சுரேகா, மிஷின் ஓட்டுகிற ஏகாம்பரம், கேன்டீன் போடுகிற சகாயமேரி, கடைசியில் வேம்புலி. நாகவல்லி எல்லாவற்றையும் படித்தாள். மாப்பிள்ளை சிவப்பா என்று இத்தனை பேர் முன்னால் கேட்டிருக்கிறாள். அதற்கப்புறம் அந்தப் பெண் ஆபீசுக்குள் எப்படி நுழைந்திருப்பாள்? அவமானத்தில் அவளுக்குக் காது எரிந்தது. தனக்காக இல்லை, சுரேகாவுக்காக.

மறுநாள் முதல் வேலையாக செல்வகுமாரைப் பிடித்தாள். "ஒரே ஒருத்தருக்கு மட்டும் மெயில் போறதுக்கு இன்னாடா பண்ணணும்?"

அவன் விழித்தான். "புதுசா ஒண்ணு தொறக்கணும்கா. யாருக்குப் போவணுமோ அவங்க அட்ரஸ மட்டும் போடணும். இன்னா விஷயமோ அத்தத் தலைப்புல எழுதணும், தொறக்காமயே புரியணும். வளவளன்னு வேணாம், ஒரு மெயிலுக்கு ஒரு விஷயம். அனுப்பறதுக்கு முன்னாடி யாருக்குப் போவுதுன்னு ஒரு தபா மேல பாத்துக்க."

"இத்த அன்னிக்கே சொல்லக் கூடாதாடா, பாவி?"

"டீ ஆறிடும்னு போய்ட்டேன்கா."

நாகவல்லி வெள்ளைத் திரை முன்னால் உட்கார்ந்தாள். வெறும் தலைப்புக் கட்டம். வாழ்க்கையில் முதல்முறையாக அதில் அவளே எதையாவது எழுத வேண்டும். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ஒற்றை விரலால் அடித்தாள்: பொண்ணு பாத்த விஷயத்த எல்லாருக்கும் சொன்னது நான்தான்.

கீழே எழுதினாள்: "உம் பேர மேல எழுதினா உனக்கு மட்டும்தான் போவும்னு நெனச்சேன். எல்லாருக்கும் போவுதுன்னு நேத்துதான் தெரியும். தெரியாம செஞ்சாலும் தப்பு என்னுதுதான். மன்னிச்சுக்கோ."

பின்சீட்டைப் பற்றியும் எழுதலாமா என்று விரல் துடித்தது. ஒரு மெயிலுக்கு ஒரு விஷயம். விட்டுவிட்டாள். யாருக்குப் போகிறது என்று ஒரு தபாவுக்கு மூன்று தபா மேலே பார்த்துவிட்டு அனுப்பினாள்.

எதிரில் சுரேகா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். படித்தாள். எழுந்து, வாஷர் பெட்டி இருக்கிற பக்கம் போய்விட்டாள். எழுந்துபோய் "மெயில் போட்டுகிறேன், பாத்தியா?" என்று கேட்க நாகவல்லிக்குக் கால் பரபரத்தது. நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானச் சாப்பாடு வந்தது, போனது. டீ வந்தது, போனது. பதில் வரவில்லை. சரி, அவளுக்கு மனசு ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் கேட்க முடியுமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பஸ்ஸுக்குப் பையை எடுத்தாள்.

அப்போது ஆபீசில் இருந்த அத்தனை செல்போனும் ஒரே நேரத்தில் ஒலித்தன.

கஜபதி அறையிலிருந்து தலையை நீட்டினார். பொரி என்று வந்தால் திறப்பதே இல்லை என்று எப்போதோ முடிவெடுத்தவர் அவர். "இன்னுமாய்யா அந்தப் பொரி தீரல?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். மற்றவர்கள் எல்லோரும் திறந்தார்கள். தலைப்பு, ஆயுத பூஜை பொரி. அனுப்பியது சுரேகா.

"எல்லாருக்கும் வணக்கம். மாப்ள வீட்ல வேணாம்னு சொல்லிட்டாங்க. எப்போ கல்யாணச் சாப்பாடு போடுவேன்னு இனிமே யாரும் கேக்க வேணாம். அடுத்த விஷயம். நாகவல்லி அக்காவுக்கு என் வண்டில பின்சீட்டு எப்பவும் உண்டு. அக்கா, கீழ நிக்கறேன். ஹெல்மெட் எடுத்துகினு வா."

யாரும் சிரிக்கவில்லை. நாகவல்லிக்கு எழுத்து கலங்கித் தெரிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'அக்கா' என்கிற இடத்தை மட்டும் மறுபடி படித்தாள். பதில் எழுத அவள் எந்தப் பொத்தானையும் தேடவில்லை. ஜன்னலுக்குப் போய், எட்டுக் கட்டையில் ஒரு குரல் கொடுத்தாள்.

"வந்துட்டேண்டி!"

கடைசி ஷெட்டு வரைக்கும் கேட்டது. பூந்தமல்லி வரைக்கும் கேட்டிருக்காது. ஆனால் வேம்புலிக்குத்தான் மெயில் போயிருக்கிறதே.