வலது கைக் கத்தி

கத்தி வாங்குவதற்காக நல்ல துணி உடுத்தி, தலை வாரி, பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பிய பைத்தியம் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். கல்யாணத்துக்கா போகிறோம் என்று கேட்டார். எனக்கு அப்படித்தான் என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. பார்த்தேன், ஆனால் கண்டுகொள்ளவில்லை. சந்தோஷத்தில் மிதக்கிறவளுக்கு அடுத்தவர் முகம் எங்கே தெரியப் போகிறது?

எங்களுடையது பார்பிக்யூ கடை. மணிக்கணக்காகப் புகையில் கிடந்து வெந்த இறைச்சியை அடுப்புக்காரர் வெளியே எடுத்துத் துணியில் சுற்றி வைப்பார். சூடு கொஞ்சம் அடங்கி, சாறெல்லாம் உள்ளே நின்ற பிறகு அது என் கைக்கு வரும். வெட்டுவது என் வேலை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அதுதான் வேலை. வெட்டுகிற அறை கடைக்குப் பின்னால் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரு டியூப்லைட், ஒரு மரப்பலகை, ஒரு கழுவும் தொட்டி, அவ்வளவுதான். நான் வெட்டி அடுக்கியதைத் தட்டோடு எடுத்துப் போவார்கள். தட்டு காலியாகத் திரும்பி வரும். நான் வெட்டியதை ஒரு மனிதர் வாயில் வைப்பதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வைத்ததும் அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் ஒரு ஆசையா என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் வேறு எதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை.

அதனால்தான் புதுக் கடை என்றதும் தலைகால் புரியவில்லை. அங்கே முன்பக்கமே கண்ணாடி போட்ட மேடை. வருகிறவர் எந்தத் துண்டு வேண்டும் என்று கை காட்டுவார், அவர் கண் முன்னாலேயே வெட்டிக் கொடுக்க வேண்டும். இப்போது எல்லாக் கடையிலும் அதுதான் பாணியாம். “அங்க நீதான் நிக்கணும். உன்ன விட்டா யாரு இருக்கா?” என்று ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே அவராகத்தான் சொன்னார். நான் வாய் திறந்து கேட்கவே இல்லை. கேட்காமல் கிடைத்ததால் இன்னும் இனித்தது.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் இடது கைக்காரி. புகுந்த வீட்டில் எனக்குப் பெயரே பீச்சாங்கைதான். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அப்புறம் மாமியார் நேருக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார். பிறகு அது அடுப்புக்காரர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கோபப்பட்டுப் பார்த்தேன், அழுது பார்த்தேன், கடைசியில் தோல் தடித்துப்போனது. கையில் கத்தி இருக்கிறபோது மட்டும் அந்தப் பெயரைச் சொல்ல எவருக்கும் தைரியம் வராது. அதனாலேயே எனக்கு வெட்டுகிற வேலை பிடிக்கும்.

கத்திக் கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது பல் வைத்த கத்தி. இது ரொட்டிக்குச் சரி, இறைச்சியில் போட்டால் நாய் பிடுங்கின மாதிரி பிய்ந்து வரும் என்று தள்ளிவிட்டேன். அடுத்தது பளபளவென்று, பிடியில் பூ வேலை செய்தது. என் வீட்டுக்காரருக்கு அதன் மேல் ஒரு கண். கொழுப்புப் பட்ட கையில் இந்தப் பிடி வழுக்கிக்கொண்டு போகும், விரல் போனால் பூ வந்து ஒட்டுமா என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு உள்ளே போய் வேறு பெட்டி கொண்டு வந்தார்.

எலும்பு நீக்க ஒன்று எடுத்தேன். குட்டையாக, ஒல்லியாக, விலா எலும்பை ஒட்டிப் போகும்போது வளைந்து கொடுக்கும். அடுத்தது முக்கியமானது, துண்டு போடுகிற கத்தி. அது இறைச்சியின் அகலத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரே இழுப்பில் துண்டு வரும். குட்டைக் கத்தி என்றால் முன்னும் பின்னும் போட்டு அறுக்க வேண்டும். அறுத்தால் சாறு பலகைக்குப் போய்விடும், தின்கிறவருக்குச் சக்கைதான். முனை கூராக இருக்கக் கூடாது, உருண்டிருக்க வேண்டும். அலகில் வரிசையாகக் குழி போட்டிருந்தால் துண்டு ஒட்டாமல் விழும். ஒவ்வொன்றாக எடுத்து விரல் மேல் நிறுத்திப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, அலகு நேராக ஓடுகிறதா என்று பார்த்தேன். கடைசியில் ஒன்று அமைந்தது. அதைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை.

“இது ஒரு பக்கம் மட்டும் சாணை பிடிக்கிற கத்திம்மா, மறுபக்கம் தட்டையா இருக்கும்,” என்றார் கடைக்காரர். “கை மாத்திப் புடிச்சா வெட்டு கோணிக்கிட்டுப் போகும். இதே கத்தி ரெண்டு கைக்கும் இருக்கு. வலது கைக்குக் குடுக்கட்டுமா, இடது கைக்கா?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் வலது கைக்கே கொடுங்கள் என்றார்.

பழக்கத்தில் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். என்னங்க, இத்தனை வருஷம் கழித்து என் கை எதுவென்று மறந்துபோச்சா என்று கேட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பாமலே, வலது கைக்குத்தான் என்று கடைக்காரரிடம் இன்னொரு தடவை சொன்னார். கடைக்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு பெட்டியை மூடுவதில் மும்முரமாகிவிட்டார். முன்பின் தெரியாத மனிதருக்கே விளங்கிவிட்டது. எனக்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

வண்டியில் ஏறிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மேடையில் நிற்கப் போவது என் கொழுந்தன், அவருடைய தம்பி. கடை ஆட்கள் அவனுக்கு ஹீரோ என்று பெயர் வைத்திருந்தார்கள். சட்டை மடிப்புக் கலையாது, தலைமுடி கலையாது, எந்த வேலையிலும் நிலைக்கவும் மாட்டான். சின்னவனுக்கு ஒரு வழி பண்ணு என்று மாமியார் இவர் காதில் ஓதிக்கொண்டே இருந்திருக்கிறார்.

“அம்மா சொல்றதுலயும் ஞாயம் இருக்கு,” என்றார் என் வீட்டுக்காரர். “சாப்புடுற எடம். கண்ணு முன்னாடி இடது கையால வெட்டி வச்சா சில பேரு மூஞ்சியச் சுளிப்பாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. ஜனங்களுக்காகச் சொல்றேன்.”

“அந்த ஜனங்க இத்தன நாளா எந்தக் கை வெட்டுனத தின்னாங்க?”

“அது அவங்களுக்குத் தெரியாதுல்ல,” என்றார்.

திட்டிச் சொல்லியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார். அப்படியானால் என்னை எதற்கு இழுத்து வந்தீர்கள் என்று கேட்டேன். உனக்குத்தானே கத்தி பார்க்கத் தெரியும் என்றார். அதையும் ஒரு பாராட்டு மாதிரிதான் சொன்னார், மகராசன்.

புதுக் கடை திறந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஒரு சுவர், சுவருக்குப் பின்னால் ஒரு அறை, அந்த அறை எனக்கு. எலும்பு நீக்குவதும் கொத்துக்கறி போடுவதும் என் பங்கு. நான் பார்த்துப் பார்த்து எடுத்த நீளக் கத்தி முன்னால், ஹீரோவின் வலது கையில். அவனுக்கு இறைச்சியில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே தெரியாது. நாருக்குக் குறுக்கே வெட்டினால்தான் மெல்ல முடியும் தம்பி என்று கூப்பிட்டுச் சொன்னேன். சரி அண்ணி என்றான். நெஞ்சுக்கறியில் நார் பாதியில் திசை மாறும், பலகையில் அதைத் திருப்பிப் போட வேண்டும். அவன் போடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே நேராக இழுத்துக்கொண்டு போனான். மென்று துப்பிய துண்டுகளோடு தட்டுகள் பின்னால் வந்தன. அவற்றைக் கொட்டிக் கழுவுவதும் என் பங்குதான்.

கொஞ்ச நாளில் கத்தி மழுங்கிவிட்டது. என்னிடம் கொடுத்திருக்கலாம். ஹீரோ அதைத் தெருவில் மெஷின் வைத்திருக்கிற சாணைக்காரரிடம் கொண்டுபோய், காய் வெட்டுகிற கத்தியைப் போல இரண்டு பக்கமும் சாணை பிடித்துக்கொண்டு வந்தான். தட்டையாக இருக்க வேண்டிய பக்கம் போயே போய்விட்டது. அப்புறம் அது இறைச்சியை வெட்டவில்லை, நசுக்கியது. என் வீட்டுக்காரர் அதை ஒரு துணியில் சுற்றி என்னிடம் எடுத்து வந்தார். “இதக் கொஞ்சம் பாரேன். இவ்வளவு விலை குடுத்து வாங்குனது, இன்னொண்ணு வாங்க முடியாது,” என்றார்.

துணியைப் பிரித்துப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நம்புங்கள், பழையபடி அதை வலது கைக்குத் தீட்டிக் கொடுக்க வேண்டும் என்றுதான் சாணைக் கல்லை நனைத்து உட்கார்ந்தேன். தப்பு கத்தியுடையது இல்லையே. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் குரல் கேட்டது. வந்திருந்த யாரிடமோ, உள்ளே பீச்சாங்கை இருக்கிறாள், அவளிடம் கொடுத்தால் எல்லாம் சரிபண்ணுவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அலகைத் திருப்பி, மற்றப் பக்கத்தைக் கல்லில் வைத்தேன். ஒவ்வொரு மதியமும் வேலை ஓய்ந்த பிறகு, தண்ணீர் தெளித்துத் தெளித்து, கை கடுக்கத் தேய்த்தேன். கத்தி முழுசாக இடது கைக்கு மாறியது. தெரிந்தேதான் செய்தேன், சந்தோஷமாகச் செய்தேன். இன்றைக்கும் அதற்காக வருத்தமில்லை.

கத்தியைத் திருப்பிக் கொடுத்த அடுத்த நாள் ஹீரோ போட்ட துண்டெல்லாம் மேலே தடியாகத் தொடங்கி, பலகையைத் தொடுவதற்குள் காணாமல் போயின. இறைச்சியைத் திருப்பிப் பார்த்தான், கத்தியைத் திருப்பிப் பார்த்தான், அடுப்புக்காரர் சரியாக வேகவைக்கவில்லை என்று அவரிடம் சண்டைக்குப் போனான். அண்ணன்காரர் வந்து வெட்டிப் பார்த்தார், அவருக்கும் கோணிக்கொண்டு போனது. இருவரும் கத்தியையும் இறைச்சியையும் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார்கள். நான் ஒரு இழுப்பு இழுத்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனாக, ஒரு சொட்டுச் சாறு சிந்தாமல், துண்டு சாய்ந்து விழுந்தது.

“கத்தி நல்லாத்தான் இருக்கு,” என்றேன். “கைதான் சரியில்ல.”

அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, ஆயுசுக்கும் போதும். ஹீரோ முகத்தில் ஈயாடவில்லை. என் வீட்டுக்காரர் அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, ரொம்ப நேரம் யோசித்தார். இனி இவர்களுக்கு வேறு வழியில்லை என்று நினைத்தேன். வெட்டத் தெரிந்தவள் நான் ஒருத்தி, வெட்டுகிற இடம் அந்த மேடை ஒன்று. வாயால் கேட்கக்கூடத் தேவையில்லை, அவர்களே வந்து கூப்பிடுவார்கள் என்று இருந்தேன்.

மறுநாள் காலையில் கொத்தனார் வந்தார். மேடைக்கும் என் அறைக்கும் நடுவில் இருந்த சுவரை இடுப்பு உயரத்தில் உடைத்து, ஒரு தட்டு நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு வைத்தார். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று அளவு சொன்னார். அவருக்கு ஒரே பெருமை. இனிமேல் கடைக்கு வேண்டியதை முழுக்க நீயே வெட்டு, உனக்கும் குறையில்லை, அவனுக்கும் குறையில்லை என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இப்போது அந்தக் கடையில் விற்கிற ஒவ்வொரு துண்டும் நான் வெட்டுவது. தோள்பட்டை விட்டுப் போகிறது. ஹீரோ முன்னால் நின்று பேருக்கு ஒரு கத்தியைப் பிடித்துக்கொண்டு, நான் அனுப்புவதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி நீட்டுவான். திறப்பு வழியாகக் குனிந்து பார்த்தால் அவன் இடுப்பில் கட்டிய ஏப்ரன் முடிச்சு தெரியும். அதற்கு அப்பால் வாங்க வந்தவருடைய சட்டைப் பொத்தான், சில சமயம் பெல்ட். முகம் தெரியாது.

முந்தாநாள் ஒரு பெரியவர் வந்திருந்தார். குரலை வைத்துத்தான் சொல்கிறேன். அங்கேயே நின்று சாப்பிட்டிருப்பார் போலிருக்கிறது. “தம்பி, எத்தனையோ எடத்துல சாப்பிட்டிருக்கேன். இப்படி ஒரு வெட்டு பாத்ததில்ல. உன் கைக்கு ஒரு மோதிரம் போடணும்,” என்றார். நான் கத்தியை நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எல்லாம் பழக்கம்தான் சார் என்று ஹீரோ அடக்கமாகச் சொன்னான்.

கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் பின்பக்கமாக உள்ளே வந்தார். அந்தப் பாராட்டை எனக்குச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன், வெட்கம்கெட்டவள். “ஒண்ணும் நெனச்சுக்காத,” என்றார். “தட்ட நீட்டும்போது மட்டும் வலது கையால நீட்டு. அந்தப் பக்கம் கை தெரியுது.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க எனக்கு வாய் இல்லாமல் இல்லை. ஆனால் முன்னால் ஆட்கள் காத்திருந்தார்கள், ஹீரோ திறப்பின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தான். கத்தியைக் கீழே வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டேன். தட்டை எடுத்து வலது கையால் நீட்டினேன்.