டெலோரஸ் வண்டியைப் பின்னால் எடுத்த நாள்

அமெரிக்காவின் வடகோடி மினசோட்டாவில் முதல் பனி விழுவதற்குள் தெற்கே கிளம்பிவிடுவது நோரிஸ், டெலோரஸ் தம்பதியின் பதினோரு வருட வழக்கம். படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியை ஓட்டுவது அவர். வரைபடம் பார்ப்பதும், காபி ஊற்றிக் கொடுப்பதும், நிறுத்தும்போது பின்னால் நின்று கை காட்டுவதும் அவள்.

இந்தக் கோடையில் நோரிஸுக்கு லேசான பக்கவாதம் வந்தது. கைகால் தப்பின, வலப்பக்கப் பார்வை தப்பவில்லை. வண்டியை விற்றுவிடுங்கள் என்றாள் மகள் ஜோலின். காரைவிடப் பெரிதாக எதையும் ஓட்டியிராத டெலோரஸ், எழுபத்தொரு வயதில், "நான் ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டாள். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்: வருஷா வருஷம் குளிர்காலத்தைக் கழிக்கும் அரிசோனா முகாமில் எங்கும் இடிக்காமல் நிறுத்தினால் வண்டி இருக்கும், இடித்தால் அங்கேயே விற்பனை.

பத்து நாள் நல்லபடியாகப் போயிற்று. நேரே நுழைந்து நேரே வெளியேறும் இடங்களாகப் பார்த்துத் தங்கினாள். சாலையோரத்தில் வேடிக்கைக்காக வைத்திருக்கும் கான்கிரீட் காட்டுக்கோழிச் சிலை, இரண்டு மாடி உயர உருளைக்கிழங்கு பொம்மை என்று ஒன்றையும் விடாமல் நிறுத்திப் பார்த்தார்கள். நோரிஸ் கழுத்தை முழுக்கத் திருப்பி எல்லாவற்றையும் ஆசை தீரப் பார்த்தார். "உருளைக்கிழங்குக்குப் பக்கத்துல நீ வண்டிய நிறுத்தியிருக்கிற அழகுக்கு, ஜனங்க நம்மளத்தான் படம் எடுக்கறாங்க" என்று சீண்டினார். அவர் உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்து கேலி செய்கிறாரே, அதுவே போதும் என்றிருந்தது அவளுக்கு.

அரிசோனா முகாமில் அவர்களுடைய வழக்கமான நாற்பத்தொன்றாம் இடத்துக்குப் பின்னோக்கித்தான் போக வேண்டும். இடப்பக்கம் இரண்டாள் உயரக் கள்ளி, வலப்பக்கம் பக்கத்து இடத்து கிளேட்டனின் மேசை. புதிதாக வருபவர் வண்டியை நிறுத்துவதை வேடிக்கை பார்ப்பதுதான் அந்த முகாமில் மாலை நேரப் பொழுதுபோக்கு. கிளேட்டன் உட்பட ஏழெட்டுப் பேர் மடக்கு நாற்காலிகளோடு தயாராக இருந்தார்கள். இதே போல உட்கார்ந்து எத்தனை பேரை டெலோரஸ் ரசித்திருக்கிறாள்! இப்போது அவள் முறை.

நோரிஸ் பின்னால் போய் நின்றார். பாதி தூரம் போனதும் கண்ணாடியில் அவரைக் காணவில்லை. பிரேக்கை மிதித்து இறங்கி ஓடினாள். மனிதர் வண்டிக்கு நேர் பின்னால், நட்டநடுவில், இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தார்.

"நோரிஸ்! நசுங்கிச் சாகப் பாத்தியா? கண்ணாடில முகம் தெரியற மாதிரி நில்லுன்னு பதினோரு வருஷமா என் உயிர வாங்கினியே, மறந்துபோச்சா?"

கூட்டம் சிரித்தது. நோரிஸ் சிரிக்கவில்லை.

"ஓரமா நின்னா கிளேட்டன் மேசை தெரியல டெலோரஸ். நடுவுல நின்னு தலையத் திருப்பித் திருப்பிப் பாத்தேன்." பிறகு கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "எனக்கு வலது பக்கம் பார்வை போச்சுப்பா. அதான் விஷயம்."

யாரிடமும் சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் அவளிடம் சத்தியம் வாங்கியவர் அவர்.

கிளேட்டன் எழுந்தார். "அத முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? வலது பக்கம் நான் பாத்துக்கறேன். நீ பொண்டாட்டி கண்ணுல படற மாதிரி நில்லு, அது போதும்."

டெலோரஸ் மறுபடி ஏறினாள். இடக் கண்ணாடியில் நோரிஸ், வலக் கண்ணாடியில் கிளேட்டன். அங்குலம் அங்குலமாகப் போனாள். 'நில்' என்று இருவர் முஷ்டியும் ஒன்றாக உயர்ந்தபோது நிறுத்தினாள். எங்கும் ஒரு கீறல் இல்லை. கைதட்டல் கேட்டது. எஞ்சினை அணைக்கக்கூடத் தோன்றாமல், "நன்றி ஆண்டவரே" என்று ஸ்டியரிங்கில் தலை சாய்த்தாள்.

நிமிர்ந்தபோது நோரிஸைக் காணவில்லை. மனசு விட்டுப்போய் எங்கோ உட்கார்ந்துவிட்டாரோ என்று பயந்தாள். கால் மணி நேரத்தில் முகாம் அலுவலகத்திலிருந்து ஒரு தாளோடு வந்தார். அடுத்த குளிர்காலத்துக்கும் அதே இடத்தைப் பதிவு செய்திருந்தார். ஓட்டுநர் பெயர் என்ற கட்டத்தில், கோணல் மாணலாக, கோட்டுக்கு வெளியே வழிந்து, டெலோரஸ் என்று எழுதியிருந்தது.