மனைவி சொன்னது

சிவலட்சுமி உடைந்த குசினியின் ஓலைக் குவியலைக் கையால் கிளறிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் நிழலுக்குத் தறப்பாள் கட்டுகிறவர்கள் கயிற்றை இழுத்தபடியே அவளைப் பார்த்தார்கள். செத்த வீட்டில் பெண்சாதி உடலுக்குப் பக்கத்தில் இருந்து அழவேண்டும். இவள் அடுப்புச் சாம்பலுக்குள் எதையோ தேடுகிறாள்.

“அம்மா, அது போய் ரெண்டு கிழமை,” என்று மகள் சுமித்திரா வாசலில் நின்று சொன்னாள். “ஒண்டும் மிஞ்சேல்லை. எழும்பி வாங்கோ.”

“ஒரு தாளாவது கெடக்கும்டி.”

தேடியது புருசன் ராசுவின் கிளினிக் கொப்பியை, நோயும் மருந்தும் எழுதிக் கொடுத்த கொப்பியை. உப்புப் பக்கற்றும் கொப்பியும் ஒரே பையில் ஆணியில் தொங்கின. காட்டு யானை உப்பு மணத்துக்கு வந்து, தட்டியைப் பிய்த்து, பையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது புதுக் கொப்பி கேட்கலாம் என்று இருந்தாள். அதற்குள் இன்றைக்கு விடிந்துவிட்டது. ஐந்தரைக்கு ராசு கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். பாதி குடித்துக் கோப்பையை நிலத்தில் வைக்கக் குனிந்தவர் நிமிரவில்லை.

தறப்பாளுக்குக் கீழே மரண விசாரணை அதிகாரி கணபதியர் பைலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கெட்ட மனுசர் இல்லை. வந்தவுடன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் கதிரையில் இருந்தார்.

“நேற்று வரைக்கும் வரம்பு வெட்டின ஆள். இண்டைக்கு இல்லை. நான் என்னெண்டு எழுதுறது அம்மா? நோய் வருத்தம் இருந்ததுக்கு ஒரு துண்டுக் கடதாசி காட்டுங்கோ, இயற்கை மரணம் எண்டு எழுதி உடலைத் தந்திடுறன். இல்லாட்டிப் பெரியாஸ்பத்திரிக்கு ஏத்தி வெட்டிப் பாக்கத்தான் வேணும்.”

“கொப்பிய யானை தின்னிருச்சுங்க ஐயா.”

கணபதியர் பேனையை மூடினார். “வெள்ளம் கொண்டுபோன கொப்பி, கறையான் அரிச்ச கொப்பி எல்லாம் கேட்டிருக்கிறன். யானை இதுதான் முதல்தரம்.”

“உப்போட வச்சிருந்தேங்க.”

“அப்ப யானைக்குத்தான் பிரசர் கூடியிருக்கும்,” என்றார் கயிறு கட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு இளையதம்பி. சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் கணபதியரின் முகம் கொஞ்சம் இளகியது.

“பன்னிரண்டு மணி வரைக்கும் இருக்கிறன்,” என்றார். “அதுக்கு மேல என்னாலை ஏலாது.”

ராசுவின் நெஞ்சுக்குழியில் இருந்து அடிவயிறு வரைக்கும் ஒரு தையல் இருந்தது. சண்டைக் காலத்தில் ஷெல் பட்டு, மரத்தடியில் இயங்கிய ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் திறந்து இரண்டு தரம் மூடியது. போன மாதம் குளித்துவிட்டு அதைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “இனி ஒருத்தனும் என்னைய வெட்டக் கூடாது லெச்சுமி. செத்தாலும்.” வாயைக் கழுவுங்க என்று அவள் ஏசினாள். ஏசினது மட்டும்தான். சரி என்று சொல்லவில்லை.

மருமகன் கிருசாந்தன் ஓட்டோவைக் கிளப்பத் திறப்போடு வந்தான். “மாமி, கொப்பி போனா என்ன, அங்க ஆஸ்பத்திரிக் கொம்பியூட்டரில எல்லாம் கிடக்கும். வாங்கோ.”

அவள் சாம்பல் கையோடு அப்படியே இருந்தாள். கொம்பியூட்டரில் இருக்கும் என்பது அவளுக்கும் தெரியும். பயமே அதுதான்.

ஓட்டோ குளக்கட்டுக்கு ஏறினபோது சொன்னாள். “தம்பி, நா அங்க பொய் சொல்லியிருக்கேன்.”

முதல் இரண்டு தரம்தான் ராசு கிளினிக்குக்குப் போனார். போனால் ஒரு நாள் வேலை போய்விடும். பொம்பிளைக் கூலி குறைவு என்பதால் பிறகு அவள் கொப்பியைக் கொண்டு போனாள். ஆள் எங்கே என்று நேர்ஸ் மிஸ் கேட்டால், வெளியில் மரத்தடியில் நிற்கிறார், சனத்துக்குள் இருக்க மூச்சு முட்டுதாம் என்பாள். பத்து மாதம் அதே மரம், அதே மூச்சு.

“அப்ப அதுக்குப் பிறகு மாமாவை ஒருத்தரும் சோதிக்கேல்லையோ?”

“இல்ல.”

கிருசாந்தன் ஓட்டோவின் வேகத்தைக் குறைத்தான். “பாக்காத ஆளுக்கு எப்பிடி மாமி துண்டு குடுப்பினம்?” என்று கேட்டான்.

அன்றைக்குக் கிளினிக் நாள் இல்லை. வார்ட்டில் நின்ற தாட்சாயினி மிஸ் விசயத்தைக் கேட்டதும் சிவலட்சுமியின் முழங்கையைப் பிடித்தாள். பிறகு கிளினிக் அறைத் திறப்பை எடுத்துக்கொண்டு முன்னுக்கு நடந்தாள். அங்கே கொம்பியூட்டரை ஒரு பூத்துணியால் மூடியிருந்தார்கள். இவா மருந்து தாறதைவிடத் தட்டுறதுதான் கூட என்று வரிசையில் சனம் புறுபுறுக்கிற அதே கொம்பியூட்டர். வருகிற ஒவ்வொருவரிடமும் மிஸ் ஒரே ஒழுங்கில்தான் கேட்பாள். மூச்சு எப்படி, கால் எப்படி, நித்திரை எப்படி, வேலை செய்ய ஏலுதோ. ஒன்றையும் மாற்றிக் கேட்கமாட்டாள். பதிலைத் தட்டி முடிக்காமல் அடுத்த கேள்விக்குப் போகவும் மாட்டாள்.

ராசுவின் அடையாள அட்டை இலக்கத்தை அடித்தாள். இரண்டு மூச்சு விடுவதற்குள் பக்கம் வந்தது. முந்தி என்றால் கட்டுக் கட்டாகத் தாள் பிரித்து மத்தியானமாகிவிடும்.

“மிஸ்,” என்றாள் சிவலட்சுமி. “நா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. அவரு ஒரு நாளும் மரத்தடியில…”

“தெரியும்.” மிஸ் திரும்பாமலே சொன்னாள். “இந்த யன்னலால பாத்தா அந்த மரம் தெரியும். நான் பாக்காத நாளில்லை.”

“பின்ன ஏங்க ஒண்ணும் சொல்லல்ல?”

“சொன்னா வெக்கப்பட்டு நீங்களும் வராம விட்டிடுவீங்கள். டொக்டரிட்டச் சொல்லிப்போட்டுத்தான் மருந்து தந்தனான். ஆளைக் கூட்டிவரச் சொல்லி எத்தினை தரம் சொன்னனான்.”

அது உண்மை. எத்தனையோ தரம் சொன்னாள்.

மிஸ் திரையை அவள் பக்கம் திருப்பினாள். “இங்கிலிசு வரி எல்லாம் டொக்டருக்கு. இடையில கிடக்கிற தமிழ் நீங்கள் சொன்னது.”

சுமித்திரா முதலாம் வகுப்புப் படித்தபோது அவளோடு சேர்ந்து சிவலட்சுமியும் எழுத்துக் கூட்டிப் பழகியவள். விரலைத் திரையில் வைத்து மெதுவாக வாசித்தாள்.

நோயாளி வரவில்லை. மனைவி சொன்னது: படுத்தா மூச்சு முட்டுது. ரெண்டு தலகாணி வச்சாத்தான் தூங்குறாரு.

நோயாளி வரவில்லை. மனைவி சொன்னது: பொழுது சாயுறதுக்குள்ள செருப்பு வாரு பத்துறதில்ல. கணுக்கால்ல அமுக்கினா குழி விழுது.

நோயாளி வரவில்லை. மனைவி சொன்னது: இப்ப மூணு தலகாணி. வாய்க்காலுக்குப் போக முந்தி நடுவுல மூணு எடத்துல குந்துறாரு.

தலகாணி என்றே கிடந்தது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து அவள் இங்கே வந்து நாற்பது வருசம். அந்தச் சொல்லுக்கு இங்கே சிரிக்காதவர்கள் குறைவு. மிஸ் அதைத் தலையணை என்று திருத்தவில்லை.

கடைசி வரியில் விரல் நின்றது. பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு கொடுக்கப்பட்டது. மனைவி சொன்னது: அறுவடை முடிய கூட்டிப் போறேன்.

யன்னலுக்கு வெளியே மரம் நின்றது. மிஸ் அச்சடிக்கிற மெசினுக்குத் தாள் வைத்தாள். முதல் தாள் மங்கலாக வந்தது. மை டப்பாவைக் கழற்றிக் குலுக்கிவிட்டு மறுபடி அடித்தாள். டொக்டர் வந்து நின்றபடியே முழுவதையும் வாசித்தார். ஒரு கேள்வி கேட்டார்: கடைசியாகக் கால் வீக்கம் எதுவரைக்கும்? “முட்டிக்கு மேலங்க,” என்றாள். அதையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

திரும்பி வரும்போது பதினொன்று நாற்பது. கணபதியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள்களை ஒவ்வொரு மாதமாகப் பார்த்தார். இரண்டு தலையணை, மூன்று தலையணை என்று வாய்க்குள் வாசித்தார். கணுக்கால், முழங்கால்.

“இவ்வளவும் நீங்கள் சொன்னதோ?”

“ஆமாங்க.”

“எந்த மாசத்தில எது கூடினதெண்டு வடிவாக் கிடக்கு.” பைலைத் திறந்தார். “இருதய வருத்தம். இயற்கை மரணம். வெட்டத் தேவையில்லை அம்மா. எடுத்து அலுவலைப் பாருங்கோ.”

அவள் கும்பிட்டாள். பிறகு கிணற்றடிக்குப் போய்ச் சாம்பல் கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். ராசுவை நீள வாங்கில் பலகையில் கிடத்தியிருந்தார்கள். மூன்று தலையணையும் மூலையில் அடுக்கிக் கிடந்தன. மட்டமாகப் படுத்திருந்தார். அப்படி அவர் படுத்துப் பார்த்து ஒரு வருசமாகப் போகிறது. வேட்டித் தலைப்பை இழுத்துத் தையலை மூடிவிட்டு, பக்கத்தில் இருந்தாள். அப்போதுதான் அழுகை வந்தது.

அந்தத் தாளின் அடியில் அடுத்த கிளினிக் திகதியும் சேர்ந்து அச்சாகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை. கருமாதி முடிந்து நாலாம் நாள்.

அன்றைக்கு மிஞ்சிய மாத்திரைகளையும் ஒரு கட்டு முருங்கைக்காயையும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனாள். மிஸ்ஸுக்குச் சொல்ல வேண்டியதைப் பஸ் முழுக்க நினைத்து ஒழுங்கு பண்ணி வைத்திருந்தாள். முறை வந்ததும் கதிரையில் இருந்து வாயைத் திறந்தாள்.

“பொறுங்கோ. உங்கட அடையாள அட்டை கொண்டு வந்தனீங்களோ?”

“எனக்கு எதுக்குங்க?”

“பத்து மாசமா வந்து போறீங்கள். உங்கட பிரசரை ஒருநாளும் பாக்கேல்லை. கையைத் தாங்கோ.”

மிஸ் இலக்கத்தை அடித்தாள். பிறகு பட்டியை மேல்கையில் சுற்றினாள். சிவலட்சுமி மறுபடி தொடங்கினாள். “மிஸ், நீங்க அன்னிக்கு…”

“கதைக்காதேங்கோ. கதைச்சா பிரசர் கூடக் காட்டும்.”

பட்டி கையை இறுக்கிப் பிடித்தது. அவள் திரையைப் பார்த்தாள். புதுப் பக்கம். மேலே அவளுடைய பெயர். கீழே, நோயாளி வந்துள்ளார். சொன்னது: அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.