கையால் அமுக்கிய பெடல்

1

இந்தக் கதை என் காரில் பிறந்தது, அதுவும் நடுச்சாலையில். கிளட்சை மிதித்தேன். சேற்றில் வைத்த கால் மாதிரி அது உள்ளே போய் அங்கேயே கிடந்தது. கியர் விழவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தே எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார்கள். ஒருவழியாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த பட்டறையில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் காரின் அடியிலிருந்து ஒரு குரல் மூன்றே சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அமுக்கு. புடி. விடு.

நான் கேட்டது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் சரக்கு. குறை இருந்தால் என்னைத் திட்டுங்கள், மெக்கானிக்கை விட்டுவிடுங்கள்.

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: "மனித உறவு என்னும் குழாயில் காற்று புகுந்துவிட்டால்..."

வேண்டாம். காற்று காற்றாகவே இருக்கட்டும்.

"அன்று காலை வானம் மேகமூட்டத்துடன்..." என்று அடுத்ததாக ஒன்று எழுதினேன். கதை நடப்பது காரின் அடியில். வானத்துக்கு அங்கே என்ன வேலை?

சரி, நேராகவே சொல்கிறேன். சில கார்களில் கிளட்சை இயக்குவது குழாயில் இருக்கும் எண்ணெய். எண்ணெயை அழுத்தினால் அது சுருங்காது, கால் கொடுத்த விசையை அப்படியே அந்தப் பக்கம் கொண்டுபோகும். நடுவில் காற்று புகுந்துவிட்டால் அந்த விசையைக் காற்றே தின்றுவிடும். அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் பெடலை அமுக்கிப் பிடிக்க, கீழே ஒருவர் நிப்பிள் என்னும் சின்னத் திருகைத் திறந்து, காற்றை வெளியே விட்டு, மூடுவார். மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முந்திக்கொண்டால் போன காற்று திரும்பி வந்துவிடும்.*

(* நிப்பிளில் மாட்டிய, உள்ளே ஓடுவது தெரியும் வெளிக்குழாயின் முனை ஒரு பாட்டில் எண்ணெயில் மூழ்கியிருக்கும்போது காற்று எப்படி வரும் என்று கேட்கும் விவரமான வாசகருக்கு: தளர்ந்த நிப்பிளின் மரை வழியாக வரும். நானும் கேட்டேன். இதே பதில்தான் கிடைத்தது.)

3

ஒரு அக்கா, ஒரு தம்பி.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள். பள்ளி என்றால் ஒரு கார், ஒரு மேசை, அவளுடைய குரல். தம்பி பட்டறை திறந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அவள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனாலும் அவள் தன் காரைப் பழைய மெக்கானிக்கிடம்தான் விட்டுவந்தாள். "சொந்தக்காரன்கிட்ட வேலையக் குடுத்துட்டு, நல்லா இல்லன்னா எந்த வாயால சொல்றது?" என்பாள். இதைத் தம்பியிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மற்ற எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். ஆகவே அவனுக்கும் தெரியும்.

இன்று பழைய மெக்கானிக் பட்டறையைப் பூட்டிவிட்டு ஏதோ விசேஷத்துக்குப் போய்விட்டார். கிளட்ச் காலையிலேயே படுத்துவிட்டது. அவளுடைய மாணவரான பேக்கரிக்காரருக்கு மதியம் ஓட்டுநர் தேர்வு. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டைவிட்டவர். வேறு போக்கில்லாமல் காரையும் பேக்கரிக்காரரையும் கூட்டிக்கொண்டு அவள் தம்பியின் பட்டறைக்கு வந்து சேர்ந்தாள்.

[பேக்கரிக்காரரைத் தூக்கிவிடலாமா என்று பாதிக்கதையில் எனக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு பேருக்குள் முடிய வேண்டிய விஷயத்தில் இவர் எதற்கு? ஆனால் பக்கத்தில் நின்று பார்க்க ஒருவர் இல்லாவிட்டால், தம்பி பின்னால் செய்யப்போவதற்கு அவசியமே இருக்காது. இருந்துவிட்டுப் போகட்டும், பாவம்.]

4

"ஏறி உக்காருக்கா. நான் விடுன்னு சொன்னப்புறம் காலை எடு."

"எனக்கே கிளட்ச் பாடமா?"

அவள் போய் உட்கார்ந்தது ஓட்டுநர் இருக்கையில் அல்ல, பக்கத்து இருக்கையில். அதுதான் பல வருடமாக அவளுடைய இடம். பயிற்சிக் கார் என்பதால் அங்கேயும் ஒரு கிளட்ச் பெடல் உண்டு. இதை மிதித்தால் அதுவும் சேர்ந்து இறங்கும்.

"அமுக்கு. புடி."

கீழே ஸ்பேனர் திரும்பியது. பெடல் சட்டென்று தரையைத் தொட்டது.

"விடு."

இப்படியே பலமுறை. தம்பி வெளியே வந்து, கிளட்ச் எண்ணெய் டப்பாவில் குறைந்ததை ஊற்றி, பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தான். தொளதொளவென்றிருந்தது. மறுபடியும் முதலிலிருந்து செய்தார்கள். மறுபடியும் தொளதொள.

அக்காவுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக வந்தது. அவன் கைவேலை நன்றாயிருக்க வேண்டும் என்று அவளைவிட ஆசைப்பட்டவர் யாரும் கிடையாது. இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் இத்தனை நாள் இந்தப் பக்கமே வராமலிருந்தாள்.

"டீச்சர், தேர்வ இன்னொரு நாள் வச்சுக்கலாம். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார் பேக்கரிக்காரர். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"உங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கு."

காரின் அடியில் தம்பி மூன்றாம் முறையாகத் தொடங்கி, ஒருதரம் திறந்து மூடிவிட்டு, வெளிக்குழாயையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

5

பிறகு குரல் வந்தது.

"அக்கா, பெடல்கிட்ட ஏதோ சத்தம் வருது. இங்கேர்ந்து சரியா கேக்கல. நீ டிரைவர் பக்கமா வந்து, கீழ உக்காந்து, அந்தப் பெடலைக் கையால அமுக்கு. காதை நல்லாக் கிட்ட வச்சுக் கேளு."

முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தாள். கதவைத் திறந்து, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, இடது பாதத்தை அழுத்தி வைத்து, தலையை உள்ளே நுழைத்தாள். மிதியடி ரப்பரின் வாடை அடித்தது.

"அமுக்கு. புடி."

பெடல் தரையைத் தொட்டது. கை பிடித்தபடி நின்றது. ஆனால் வெளியே, சிமெண்டுத் தரையில், அவளுடைய இடது கால் தன் பாட்டில் முன்பாதத்தைத் தூக்கியது. மெதுவாக, அழகாக, தேர்வு அதிகாரியே மெச்சும்படி.

அவள் அதை உணர்ந்தாள்.

பெடல் தரையைத் தொட்டதும் மெல்ல மேலே எடுக்க வேண்டும். பகலெல்லாம் அவள் சொல்லிக்கொடுப்பது அதைத்தானே. அவள் கால் அந்தப் பாடத்தை அவளைவிட நன்றாகப் படித்திருந்தது. அவன் விடு சொல்வதற்குள் ஒவ்வொரு முறையும் எழுந்துவிட்டிருக்கிறது. கைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"விடு."

இன்னும் சில தடவைகள். பெடல் படிப்படியாக இறுகியது. சத்தம் எதுவும் வரவில்லை. வரவே போவதில்லை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. நிப்பிளை மூடும் முன்பே குழாயில் எண்ணெய் பின்னால் ஓடியதை அவன் பார்த்திருக்கிறான். பார்த்தவன், "உன் கால்தான்க்கா" என்று அவளுடைய மாணவர் எதிரில் சொல்லவில்லை. இவன் எப்போது இவ்வளவு பெரியவனானான் என்று நினைத்தாள்.

6

கீழேயிருந்து கேட்டான்: "சத்தம் வருதாக்கா?"

என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன.

"வந்துச்சுடா. இப்ப நின்னுருச்சு." அவன் கொடுத்ததை அவள் வாங்கிக்கொள்கிறாள். ஆனால் பேக்கரிக்காரரின் கணக்கில் தம்பி இரண்டு தடவை தோற்றவனாகவே இருப்பான். ரொட்டி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லுவார், கெட்ட எண்ணமே இல்லாமல்.

"சத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல. என் கால்தான் முந்திக்கிச்சு." தம்பியின் பெயர் நிமிர்ந்துவிடும். ஆனால் அவள் மானத்தை மூட அவன் போர்த்தியதை அவன் கண்ணெதிரிலேயே உதறியதாகிவிடும். காலைச் சொல்லிச் சொல்லி அவள் திட்டும் பேக்கரிக்காரர் வேறு பக்கத்திலேயே

(இந்த வாக்கியத்தை இங்கேயே நிறுத்துகிறேன். முடித்தால் நான் ஒரு பக்கம் சாய்வது தெரிந்துவிடும்.)

கார் ஓடும். அடுத்த முறை அவள் நேரே இங்கேதான் வருவாள். இவை இரண்டையும் எழுதியாகிவிட்டது, மாற்ற விடமாட்டேன். பேக்கரிக்காரர் தேறினாரா என்று கேட்காதீர்கள், அது அவர் கால் பாடு. அவள் என்ன சொன்னாள் என்பதை மட்டும் உங்களிடம் விடுகிறேன். உங்களுக்கும் அக்காவோ தம்பியோ இருப்பார்கள்.

நிதானமாகச் சொல்லுங்கள். நிப்பிள் மூடியாகிவிட்டது. அவன் விடு என்றும் சொல்லிவிட்டான். அவள்தான் இன்னும் பெடலிலிருந்து கையை எடுக்கவில்லை.