செருப்புப் பலகை

சத்யபிரியா அந்தப் பையின் ஜிப்பைப் பாதி இழுத்துவிட்டாள். ஹாலில் அவள் அப்பா சவுரிமுத்து ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். பைக்குச் சொந்தக்காரரான தட்சிணாமூர்த்தி, அப்பாவின் பழைய சிநேகிதராம், செத்தவர் முகத்தைப் பார்க்காமல் சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இரண்டு முறை பின்னறைக்கு வேறு போய்வந்தார்.

உலக யுத்தம் முடிந்து பட்டாளத்தார் எறிந்துவிட்டுப் போன தகரத்தை வெட்டித்தான், சின்ன வயதில் முதல் சுவர்ப்படம் செய்ததாக அப்பா சொல்வார். எண்பத்தாறு வயதுவரை விட்டாரா? தண்டவாளத்து ஆணி, குக்கர் மூடி, எது கிடைத்தாலும் தூக்கிவந்து படமாக்கினார். ஊரே சிரித்தது. பேப்பரில் அவர் போட்டோ வந்த பிறகு, புதுப்புது சிநேகிதர்கள் முளைத்தார்கள்.

கடைசியாகச் செய்தது, பீர்க்கன்கரணை ஏரியில் ஒதுங்கிய சின்னச் சின்ன ரப்பர் செருப்புகளை ஒரு முழப் பலகையில் அடித்தது. "இது உனக்குத்தான் பிரியா. எவனுக்கும் குடுத்துடாத" என்று போன வாரம் சொன்னார். இப்போது சுவரில் வெறும் ஆணிதான் இருந்தது.

பையில் ஒரு துண்டு, பிரஷர் மாத்திரை, பாதி தின்ற பன்.

"தேடுனது கெடைச்சுதாம்மா?"

பின்னால் தட்சிணாமூர்த்தி நின்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"அப்பாவோட செருப்புப் பலகையைக் காணோம் சார்."

"நானும் அதத்தாம்மா தேடுறேன். முடிச்சுட்டேன், வந்து பாருடான்னு போன்ல சொன்னான். அதுக்குள்ள..."

டீயோடு வந்த அவள் தம்பி ஜெபகுமார் நின்றான்.

"அந்தப் பலகையா? பொட்டி ஆடிக்கினே இருந்துச்சுக்கா. தரைதான் மேடு பள்ளமா கீதே. ரப்பர் நல்லா புடிக்கும்னு அடியில குடுத்தேன். இன்னா, தப்பா?"

அவனை அறையலாம் போலிருந்தது அவளுக்கு. குனிந்து பார்த்தாள். பெட்டியின் ஒரு காலுக்கடியில் பலகை கவிழ்ந்திருந்தது. அத்தனை செருப்பும் தரையைக் கவ்விக்கொண்டு நின்றன. மோட்டார் ஓடியும் பெட்டி அசையவில்லை.

"எடுத்துடவாக்கா?"

"வேணாம். ஆடும்."

தட்சிணாமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முட்டி போட்டு, அப்படியே தரையில் கன்னம் பதியப் படுத்துப் பார்த்தார். விழுந்து கும்பிடுகிறார் என்று நினைத்து, மாலையோடு வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள்.

சத்யபிரியா அவர் பையை மூடி, அவர் எழுந்திருக்கும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.