நிறுத்திய வண்டியில் இறங்கும் பேட்டரி

1

இது என் கற்பனைச் சரக்கில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். மும்பைச் செம்பூரில் ஒரு கட்டடத்தின் கீழே நிற்கும் பழைய கார் ஒன்று, இரண்டு மாதத்தில் ஐந்து முறை காலையில் கிளம்பாமல் படுத்துக்கொண்டது. புது பேட்டரி போட்டும் படுத்தது. காலையில் மகளைக் கல்லூரியில் விடப் பத்து நிமிடம் ஓடும்; பிறகு நாள் முழுக்க நிற்கும். கார்க்காரருக்கு வேலுச்சாமி என்று பெயர் வைத்திருக்கிறேன். அவருக்கு அலுத்துவிட்டது. எனக்கும்தான். இது ஏழாவது தொடக்கம்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘செம்பூரின் மீது சூரியன் தன் பொற்கதிர்களை...’ வேண்டாம். பேட்டரிக் கதைக்கு எதற்குப் பொற்கதிர்?

2

தாராவியில் கார் எலக்ட்ரிக் வேலை பார்க்கும் ஜெயினுலாப்தீனுக்கு அறுபது வயது, இரண்டு முழங்காலும் தகராறு. புதன்கிழமை வந்தார். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்தார். கதவுகளைச் சாத்திவிட்டு அரை மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தார்.

(காரணம் உண்டு. சாவியை எடுத்ததும் கார் தூங்கிவிடாது. உள்ளே இருப்பவை ஒவ்வொன்றாக அடங்க நேரம் பிடிக்கும். பொறுமையில்லாதவர்கள் அதற்குள் மீட்டரைப் பார்த்துவிட்டு நல்ல சாமானையெல்லாம் மாற்றச் சொல்வார்கள்.)

மீட்டர் முப்பது மில்லி ஆம்பியர் காட்டியது. கடிகாரத்துக்கும் அலாரத்துக்கும் போகிற தீனி, அவ்வளவுதான். மனசு கேட்காமல் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டு சார்ஜ் ஏறுகிறதா என்றும் பார்த்தார். ஏறியது.

“வண்டில ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி.”

“பின்ன ஏன் பாய் செத்துச் செத்துப் போகுது? போதும், ரொம்ப டென்ஷன். ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு அம்பர்நாத்லருந்து ஒருத்தர் வாராரு. குடுத்துத் தொலச்சுட்டு ட்ரெயின்ல போறோம்.”

(பழைய பிரதியில் டிக்கி பல்பைக் குற்றவாளி ஆக்கியிருந்தேன். மூடினாலும் அணையாத பல்பு. ஒரே பக்கத்தில் எல்லோரும் சந்தோஷமாகிவிட்டார்கள். கிழித்துப் போட்டேன்.)

3

கோளாறு இல்லாத வண்டி சாவதை ஜெயினுலாப்தீனால் ஜீரணிக்க முடியவில்லை. மறுநாள் மதியம் மூன்று மணிக்குச் சொல்லாமல் வந்து நின்றார்.

கார்க் கண்ணாடி இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது. சாவி திருகிக் கிடந்தது. ஃபேன் ஓடியது, ரேடியோ மெல்லமாகப் பாடியது, எஞ்சின் ஓடவில்லை. முன் சீட்டைச் சாய்த்துக்கொண்டு வேலுச்சாமியின் மனைவி உமாமகேஸ்வரி படுத்திருந்தாள். அவள் கண்களில் நீர்... இல்லை, அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. கையில் போன்கூட இல்லை. சும்மா இருந்தாள்.

மேலே அவள் வீடு ஒரு ஹால், ஒரு கிச்சன். ஆட்கள் ஐந்து பேர். நைட் ஷிப்ட் போகும் கொழுந்தன் பகலெல்லாம் ஹாலில் தூங்குவான்.

ஜெயினுலாப்தீன் தொண்டையைச் செருமினார். அவள் பதறி எழுந்தாள்.

“என்னாலதான் பேட்டரி எறங்குதாண்ணே?”

“ஃபேன்தாம்மா இழுக்குது. எஞ்சின் ஓடாம ஃபேன் ஓடுனா பேட்டரி என்ன செய்யும்?”

“எஞ்சின் போட்டா வாட்ச்மேன் வந்து நிப்பான்.” கொஞ்சம் யோசித்தாள். “ஃபேன் போடாட்டா எவ்வளவு நேரம் இருக்கலாம்?”

நாற்பது வருடத் தொழிலில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி.

“ரேடியோவும் போடாட்டா எவ்வளவு நேரம் வேணாலும் இருங்க. ஆனா இந்த வெயில்ல வெந்துருவீங்கம்மா.”

“அவுககிட்ட சொல்லிராதீங்கண்ணே.”

“விக்க வேண்டாம்னு நீங்களே சொல்லலாம்லா?”

“ஏன்னு கேப்பாகள்ல.”

4

இங்கே நிறுத்தியாக வேண்டும். மேலே உள்ள காட்சியும் பேச்சும் நான் இட்டுக்கட்டியவை. வியாழன் மாலை ஜெயினுலாப்தீன் போனில் சொன்னது ஒரே வரி: “வண்டிய வித்துராதீங்க அண்ணாச்சி.” காரணம் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

ஆம், வேலுச்சாமி நான்தான்.

அந்த வரி உறுத்தியதில் வெள்ளிக்கிழமை மதியம் சயானில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன். கேட்டிலிருந்தே தெரிந்தது. சீட்டு சாய்ந்திருந்தது, அவள் கண்மூடி இருந்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராத முகம். அப்படியே திரும்பிப் போய், நாலரை மணி வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன்.

ஹாலில் எனக்கு ஒரு மேஜை உண்டு. நான் எழுத உட்கார்ந்தால் டிவி வாயை மூடிக்கொள்ளும். “அப்பா எழுதுதாக” என்று பிள்ளைகளை அடக்குவது அவள்தான். அவளுக்கு எங்கே இடம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

5

முடிவுகள்:

(அ) வேலுச்சாமி கண்ணாடியைத் தட்டுகிறார். இருவரும் மனம்விட்டு... [கூடாது. தட்டிய நிமிடமே அது அவள் இடமாக இருக்காது.]

(ஆ) கார் போய்விடுகிறது. திங்கள் மதியம் அவள் கீழே இறங்கி வந்து, எண்ணெய்க் கறை மட்டும் கிடக்கும்... [நன்றாகத்தான் வந்தது. அதனாலேயே பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.]

(இ) கார் விற்கப்படவில்லை.

எனக்கு வேண்டியது மூன்றாவதுதான். பேட்டரியை நான் பார்த்துக்கொள்வேன். தினமும் காலையில் சயான் வரை ஓட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினால் இறங்கியது ஏறிவிடும். ஆனால் அவள் கேட்பாள், ஏன் மனசு மாறிட்டிய என்று. உண்மையைச் சொன்னால் இனி அவள் கீழே இறங்கமாட்டாள். எனக்கு அவளைத் தெரியும். கட்டடமே கேட்க நான் திட்டித் தீர்த்த காரை வைத்துக்கொள்ள, அவள் நம்பும்படி ஒரு பொய் வேண்டும்.

இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். அவள் ஒன்றைக்கூடப் படித்ததில்லை என்பது என் நெடுநாள் வருத்தம், இன்று ஆறுதல். காலையிலிருந்து பதினொரு பொய் எழுதிப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட அவளிடம் செல்லாது.

இன்று சனிக்கிழமை, மணி மூன்றாகப் போகிறது. “கீழ கொஞ்சம் போயிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போகிறாள். நான் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அம்பர்நாத்காரர் நாளை பத்து மணிக்கு வருவார். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அதற்குள் சொல்லுங்கள்.