நோயலுக்கு வைத்த இரண்டாவது குமிழ்

நோயல் இறந்து பதினோராவது நாள், வியாழக்கிழமை மாலை ஆறு பத்துக்கு, அடுகோடி மாடி வீட்டில் மறுபடியும் கிட்டார் வாசிக்கத் தொடங்கினார். கிட்டார் என்னவோ உறைக்குள், ஜிப் போட்டபடி, கட்டிலுக்கடியில்தான் கிடந்தது. பழைய ரேடியோவில் இருப்பதுபோல் கண்ணாடி வால்வுகள் வைத்த அவருடைய ஆம்ப்ளிஃபையர் தானாக விளக்கெரிந்து, வால்வுகள் சூடேற வேண்டிய ஒரு நிமிடத்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு, ஆறாவது தந்தியில் சுருதி பார்த்துவிட்டு ஆரம்பித்தது. அந்த வாரம் தெருவில் தக்காளி விலை இறங்கியிருந்தது. காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி தாரணி கையைக்கூடக் கழுவாமல் வந்து ஆம்ப்ளிஃபையருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, ஏழு மணிக்கு அவர் முடிக்கும்வரை அழுதாள். முடித்தபின் பார்த்தால், ஆணியில் மாட்டியிருந்த அவருடைய நீலச் சட்டை வியர்வையில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தபோதும் வாசித்தால் அவருக்கு அப்படித்தான் வியர்க்கும். துவைத்துக் காயப்போட்டாள். மறுநாள் மாலையும் நனைந்தது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். பதினான்கு வருடத் தாம்பத்தியத்தில் அவர்களுக்குள் இருந்த ஒரே சண்டை அந்தச் சத்தம்தான். ஞாயிறு காலை சர்ச்சில் அடக்கி வாசித்துவிட்டு வருகிற மனுஷன், வீட்டில் ஆம்ப்ளிஃபையரின் ஒலிக் குமிழைப் பத்தில் வைத்தால்தான் வாசிப்பார். குறைத்து வைத்தால் வால்வு வேர்க்காது, வால்வு வேர்க்காமல் வருவது பாட்டில்லை, முனகல் என்பார். தாரணிக்கு வேலை வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் அலுவலகத்தில். அங்கே வருகிற புகார்களில் பாதி, மேல்வீட்டுச் சத்தம் பற்றியது. காலை ஏழு முதல் மூன்று வரை ‘தயவுசெய்து ஒலியைக் குறைக்கவும்’ என்று கண்டவருக்கெல்லாம் கடிதம் அடித்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தால் இங்கே ஜன்னல் கண்ணாடி நடுங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அவர் உதடு எதையோ முணுமுணுக்கும். அடுத்த பாட்டுக்குத் தாளம் எண்ணுகிறார் என்று நினைத்துக்கொள்வாள். அந்தத் திங்கட்கிழமை அவளுக்குத் தலைவலி. சமையலறையிலிருந்தே, “ஏங்க, கொஞ்சம் குறைங்களேன், உயிர் போகுது” என்றாள். அவர் அணைத்துவிட்டு, டீ குடிக்கக் கீழே போனார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இனி இந்த ஜென்மத்தில் அவரிடம் குறைக்கச் சொல்வதில்லை என்று அவள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

செத்த பிறகும் மனுஷன் பத்திலிருந்து இறங்கவில்லை. குமிழைப் பத்துக்குக் கீழே திருப்பினால் வாசிப்பு நின்று வெறும் இரைச்சல் மிஞ்சும். சட்டையும் காய்ந்தே இருக்கும். ஆகையால் பத்திலேயே விட்டாள். ஆறரைக்குள் சுற்றியுள்ள மூன்று வீடுகளில் இட்லி மாவு பொங்கி வழிந்தது. தெரு நாய்கள் ஜன்னலைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தன. கீழ்வீட்டில் குடியிருக்கும் கன்னடக்கார வீட்டுக்காரி காந்தா நல்லவள்தான், மூன்று மாதம் பொறுத்தாள். கூரையில் ஒரு கீறல் விழுந்து தினமும் ஒரு விரற்கடை நீளத் தொடங்கியதும் மேலே ஏறி வந்தாள்.

“செத்தவரு வாசிக்கறது தப்புன்னு நான் சொல்லலம்மா. எம் பொண்ணுக்கு சி.ஏ. பரீட்சை. ஸ்வல்ப கம்மி பண்ணச் சொல்லு அவருக்கு.”

“அத மட்டும் என்னால சொல்ல முடியாதும்மா.”

“அப்ப தசரா கழிஞ்சதும் வேற மனெ பாத்துக்கோ.”

தாரணி வேறு வீடு தேடாமலில்லை. பொம்மனஹள்ளி வரை அலைந்தாள். சைவமா அசைவமா என்று கேட்டவர்களுக்கும், எத்தனை பேர் என்று கேட்டவர்களுக்கும் பதில் இருந்தது. சாயங்காலம் சத்தம் ஏதும் இருக்குமா என்று கேட்டவர்களிடம் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள். ஆம்ப்ளிஃபையரை விற்றுவிடு என்றார்கள் சிலர். ஊர் வாய்க்கு என்ன, எதையும் சொல்லும். நோயலோடு கல்யாணங்களில் வாசித்த ஒருவர்தான் மகாவின் நம்பரைக் கொடுத்தார். மகா கிருஷ்ணகிரிக்காரி, வயது இருபத்தொன்பது. பொம்மனஹள்ளியில் யு.பி.எஸ். தயாரிக்கும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஐ.டி. பையன்களின் வால்வு ஆம்ப்ளிஃபையர்களைத் திறந்து பார்ப்பாள். அந்தப் பையன்களுக்கும் இதே தொல்லைதான். வால்வு முழுசாகக் கத்தினால்தான் சுகம், கத்தினால் அக்கம்பக்கம் சும்மா விடாது.

“அதுக்கு மாஸ்டர் வால்யூம்னு ஒண்ணு வெப்போம்க்கா. முன்பக்கத்துச் சின்ன வால்வுங்க பத்துலயே கத்தட்டும். அங்கேருந்து பெரிய வால்வுக்குப் போற வழியில ஒரு குழாய் வெச்சு, எவ்வளவு வேணுமோ அவ்வளவு திறந்து விடறது. அவரு குறைக்க வேணாம். நாம வாங்கிக்கறதக் குறைச்சிக்கறோம்.”

அவரிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை என்பது தாரணிக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஞாயிறு மதியம் மகா இடது கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். ஷாக் அடித்தால் ஒரு கையோடு போகட்டும், நெஞ்சு வழியாகப் பாயக்கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். பென்சிலால் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். முதல் வால்வைத் தட்டியபோது ஸ்பீக்கரில் டங்கென்று கேட்டது. “இது பழசாகி மைக் மாதிரி ஆயிருச்சு. பக்கத்துல பேசினாக்கூட உள்ள போகும். மாத்திரவா?” என்றாள். அவர் தொட்டது எதையும் மாற்ற வேண்டாம் என்றாள் தாரணி. இரண்டாவது பாடம், பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும், அதை இறக்காமல் உள்ளே கை வைக்கக்கூடாது. மகா ஒரு கிளிப்பை மாட்டி இறக்கினாள். மீட்டர் நானூற்றுப் பதினெட்டு வோல்ட்டிலிருந்து பூஜ்ஜியத்துக்கு வந்தது. கிளிப்பை எடுத்ததும் அறுபது, நூற்றுப் பத்து, முந்நூறு என்று ஏறி மறுபடி நானூற்றுப் பதினெட்டில் போய் நின்றது. பிளக் தரையில்தான் கிடந்தது. ஆறு தடவை இறக்கினாள், ஆறு தடவையும் ஏறியது.

“அக்கா, இவரு என் பேச்சுக்கு எறங்க மாட்டாரு. நீங்க சொல்லுங்க.”

எதைச் சொல்லி அவரை அனுப்பினாளோ அதையே தாரணி மறுபடி சொல்ல வேண்டும். சொன்னால் போய்விடுவார், சொல்லாவிட்டால் வீடு போய்விடும், வீட்டோடு அவரும் போவார். இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம் அவள் நெஞ்சு. கடைசியில் ஆம்ப்ளிஃபையரின் மேல் கையை வைத்து, “ஏங்க, கொஞ்சம் குறைங்களேன்” என்றாள். மீட்டர் முள் ஒரே மூச்சில் பூஜ்ஜியத்தில் விழுந்தது. அப்புறம் எழவில்லை. மகா அரைமணியில் முடித்துவிட்டாள். தகட்டில் புதுத் துளை போடாமல், கிட்டார் வயர் செருகுவதற்கென்று இருந்த, யாரும் பயன்படுத்தாத இரண்டாவது சொருகுவாயின் ஓட்டையிலேயே புதுக் குமிழை இறுக்கி, பூஜ்ஜியத்தில் வைத்து, ஆறு பத்துக்கு மெல்ல ஏற்றிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறு பத்துக்கு விளக்கு எரிந்தது. தாரணி குமிழைத் தொடவில்லை. பூஜ்ஜியத்தில் இருக்கும்வரை அவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்றிப் பார்த்து ஒன்றும் கேட்காவிட்டால் அப்புறம் வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? பயம்தான், வேறொன்றுமில்லை. சட்டை காய்ந்திருப்பதைப் பார்க்கும் தெம்பும் இல்லாததால், அதை மடித்துப் பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினாள். தினமும் சத்தமில்லாத அந்த ஐம்பது நிமிடம் எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவாள். மாவு பொங்கவில்லை, நாய்கள் கலைந்துபோயின, காந்தாவின் மகள் நிம்மதியாகப் படித்தாள்.

பதினோராவது நாள், புதன்கிழமை மாலை ஆறரைக்கு, காந்தா மேலே ஏறி வந்தாள்.

“கீறல் நின்னுபோச்சும்மா, ஒள்ளேது, நல்லதாப் போச்சு. ஆனா உன் பீரோ இருக்கற மூலையிலேருந்து கீழ தண்ணி சொட்டுது. பைப்பும் இல்ல, மழையும் இல்ல. நாக்குல வெச்சுப் பாத்தேன், உப்புக் கரிக்குது.”

தாரணி பீரோவைத் திறந்தாள். சட்டை ஊறி, தட்டு நிறைந்து, தரையில் வழிந்துகொண்டிருந்தது. பதினோரு நாளாக மனுஷன் கேட்க ஆளில்லாமல் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். தாரணி ஓடிப்போய்ப் புதுக் குமிழை ஒரு கோடு ஏற்றினாள், இன்னும் ஒரு கோடு. கிட்டார் வந்தது. பத்தில் கத்துகிற அதே கிட்டார், வேர்த்து விறுவிறுத்து, ஆனால் பக்கத்து அறையிலிருந்து வருகிற அளவுக்கு. பாட்டினடியில் அவர் மூச்சு கேட்டது, குதிகால் தரையில் தாளம் போடுவது கேட்டது. பாட்டு முடிந்தது. இத்தனை வருடமும் கடைசித் தந்தியின் அதிர்வு அறையை நிரப்பி, காதில் ரீங்காரமிட்டு, அடங்குவதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிடும். இன்று அந்த இடைவெளியில், பழைய வால்வின் வழியாக, நோயல் முணுமுணுத்தது தெளிவாகக் கேட்டது.

“சத்தம் ஜாஸ்தியா இருக்கா, தாரு?”

ஒவ்வொரு பாட்டுக்குப் பிறகும் அசைந்த உதடு அவளுக்கு ஞாபகம் வந்தது. பதினான்கு வருடம், ஒவ்வொரு மாலையும், அவர் கேட்டிருக்கிறார். காந்தா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

“இல்லீங்க,” என்றாள் தாரணி. “நீங்க வாசிங்க.”

அவர் அடுத்த பாட்டைத் தொடங்கினார். தசரா வந்து போயிற்று, யாரும் வீடு மாறவில்லை. காந்தாவின் மகள் பரீட்சையில் தேறினாள். பழைய குமிழ் பத்திலும் புதுக் குமிழ் இரண்டிலும் நிற்கின்றன. சனிக்கிழமைகளில் காந்தாவே கீழேயிருந்து, “மூணு வெய்யும்மா” என்று குரல் கொடுப்பதுண்டு. ஒவ்வொரு பாட்டுக்குப் பிறகும் கேள்வி வருகிறது, தாரணி அடுப்படியிலிருந்தே பதில் சொல்கிறாள். மழைக்காலத்தில் ஒரு சட்டை மறுநாளைக்குள் காய்வதில்லை என்பதால், அதே நீலத்தில் இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறாள்.